அம்பாசிடர் மார்க் 4, புதிய டிசையர்: கொடைக்கானல் பாதையில் இரண்டு வண்டிகள்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று 1984-ஆம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 4. மதுரையில் ஒரு வழக்கறிஞர் வைத்திருந்த வண்டியை 1991-இல் அப்பா விலைக்கு வாங்கினார். மற்றொன்று 2025 பொங்கலை ஒட்டி நான் எடுத்த நான்காம் தலைமுறை மாருதி சுசூகி டிசையர். கையால் கியர் மாற்றும் பெட்ரோல் வண்டி. இரண்டையும் ஒரே மாதத்தில், ஒரே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஓட்டிச் சென்று திரும்பிய பிறகே இதை எழுதுகிறேன். பழைய வண்டி என்றால் பெருமூச்சு விடுவதும், புதிய வண்டி என்றால் வசதிகளின் பட்டியலைப் படிப்பதும் வழக்கமாகிவிட்டன. பழைய அம்பாசிடரை வாங்கலாமா என்று யோசிப்பவருக்கும், வீட்டில் இருப்பதை விற்றுவிட்டுப் புதியது எடுக்கலாமா என்று தவிப்பவருக்கும் அவற்றால் பெரிய பயன் இல்லை.

முதலில் ஓர் அளவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என்னையே வியக்க வைத்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம் அம்பாசிடரில் 97 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2,464 மில்லிமீட்டர். டிசையரில் அது 2,450 மில்லிமீட்டர். ஆள் உட்காரும் பகுதிக்கு அடித்தளமாக அமையும் இந்த நீளத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு விரல் அகலம்கூட இல்லை. மொத்த நீளத்தில் மட்டும் அம்பாசிடர் ஓர் அடிக்கு மேல் கூடுதல். டிசையர் 3,995 மில்லிமீட்டரில் நின்றுவிடுகிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கிய, 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் வண்டிகளுக்கு வரி குறைவு என்ற விதிதான் அந்த அளவை நிர்ணயித்தது. அகலத்திலோ டிசையர்தான் சுமார் ஆறு சென்டிமீட்டர் கூடுதல். அப்படியிருந்தும் இரண்டு வண்டிகளிலும் ஏறி இறங்கிய எவரும், அம்பாசிடர்தான் பெரியது என்றே சத்தியம் செய்வார்கள்.

அதற்குக் காரணம் உயரமும் இருக்கையும். அம்பாசிடரின் வடிவம், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரினுடையது. 1950-களின் நடுப்பகுதியில் பிறந்த அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாடாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் பிற்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 மே மாதம் வரை பெரிய மாற்றமில்லாமல் அதே உடல் வெளிவந்தது. அக்கால வடிவமைப்பாளர்கள் காருக்குள் மனிதனை நாற்காலியில் உட்கார வைப்பதுபோல நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். இருக்கை உயரமாக இருக்கும், தொடை முழுவதும் தாங்கப்படும், கால் கீழ்நோக்கித் தொங்கும். இன்றைய வண்டிகளில் காற்றைக் கிழித்துச் செல்லக் கூரையைத் தாழ்த்த வேண்டியிருப்பதால், இருக்கையும் தாழ்ந்து, கால் முன்னோக்கி நீள வேண்டியிருக்கிறது.

இது ஏட்டுக் கணக்கு அன்று. என் அம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அம்பாசிடரின் பின்கதவு அகலமாகத் திறந்ததும், அவர் முதலில் இருக்கையில் பக்கவாட்டில் அமர்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொள்கிறார். யாரும் கைகொடுக்க வேண்டியதில்லை. டிசையரில் அவர் தலையைக் குனிந்து, இடுப்பை இறக்கி, ஏறத்தாழ விழுவதுபோல உட்கார வேண்டியிருக்கிறது; இறங்கும்போது நான் ஒரு கையையும் என் மனைவி ஒரு கையையும் பிடித்துத் தூக்குகிறோம். கொடைக்கானலுக்குப் போகும் வழியில் நிலக்கோட்டையைத் தாண்டியதும் அம்மா சொன்னார்: “இதுல உக்காந்தா நம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்து வர்ற மாதிரி இருக்குடா.” அம்பாசிடரின் பின்னிருக்கையைப் பற்றி இதைவிடச் சரியாக எழுத எனக்குத் தெரியாது. மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் உரசாமல் உட்கார முடிகிற அந்த இருக்கைக்காகவே அமைச்சர்களும் ஆட்சியர்களும் திருமண வீட்டாரும் அரை நூற்றாண்டு அதை விடாமல் வைத்திருந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

டிசையரின் பின்னிருக்கையில் இருவருக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கால் நீட்டப் போதிய இடம், பின்னால் இருப்பவர்களுக்கென்று தனியே குளிர்காற்றுத் துளைகள், கைதாங்கி என எல்லாம் உண்டு. நடுவில் உட்காரும் மூன்றாமவர் நெடுந்தொலைவுக்குச் சிரமப்படுவார். 382 லிட்டர் கொள்ளளவுள்ள டிக்கியில் எங்கள் மூன்று பெட்டிகளும் ஒரு பழக்கூடையும் இடிக்காமல் அடங்கின.

இனி எஞ்சின். எங்கள் அம்பாசிடரில் இருப்பது 1,489 சிசி நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அதன் ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன், வண்டியின் எடையோ 1,100 கிலோவுக்கு மேல். டிசையரில் 1,197 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் 80 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் தருகிறது. வண்டி ஆயிரம் கிலோவைத் தொடுவதில்லை. இந்த எண்களைப் பார்த்தாலே யார் முந்துவார் என்பது தெரிந்துவிடும். ஆயினும் எண்களில் தெரியாத ஒன்று உண்டு. அம்பாசிடரின் எஞ்சின் மிகக் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கத் தொடங்கிவிடும். டவுன்ஹால் ரோட்டு நெரிசலில் இரண்டாம் கியரில் நடை வேகத்துக்கு இறக்கி, மீண்டும் ஆக்சிலேட்டரை மிதித்தால், முக்காமல் முனகாமல் வண்டி நகரும். டிசையர் அந்த இடத்தில் முதல் கியரைக் கேட்கிறது. மூன்று சிலிண்டர்களுக்கே உரிய இலேசான அதிர்வும் நிற்கும் நேரத்தில் கியர் கம்பியில் தெரிகிறது. நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் நிலைமை தலைகீழ். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் அம்பாசிடருக்குள் பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டும்; டிசையர் அதே வேகத்தில் ஐந்தாம் கியரில் ஓசையின்றிப் போகிறது, முந்துவதற்கு இன்னும் பாதி வலிமையைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு.

அம்பாசிடரை ஓட்டுவதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. கியர் கம்பி ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது. முன்னிருக்கை ஒரே நீளப் பலகை போன்றது. ஹெட்லைட்டைத் தாழ்த்துவதற்கு, கிளட்சுக்கு இடப்புறம் தரையிலுள்ள பொத்தானை இடது காலால் மிதிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லை. நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை வலிக்கும், ஓடத் தொடங்கிவிட்டால் அந்தப் பெரிய வட்டம் நன்றாகவே பேச்சுக் கேட்கும். என் மகனுக்கு வயது இருபத்து நான்கு. ஓட்டுநர் உரிமம் பெற்று ஐந்தாண்டுகள் ஆகின்றன. அம்பாசிடரில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குச் சத்தமின்றி மாற்ற அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. டிசையரை அவன் அம்மா முதல் நாளே அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றுவிட்டார்.

மலைப்பாதைக்கு வருகிறேன். வத்தலக்குண்டைக் கடந்து காட் ரோடு தொடங்கும் இடத்திலிருந்து கொடைக்கானல் வரை, சமவெளியிலிருந்து ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏற வேண்டும். டிசையர் இந்த ஏற்றத்தை இரண்டாம், மூன்றாம் கியர்களிலேயே முடித்தது. வளைவில் நின்று மீண்டும் கிளம்பும்போது வண்டி பின்னோக்கி உருளாமல் தானே சில நொடி பிடித்துக்கொள்கிறது. ஏசியை அணைக்கும் தேவைகூட வரவில்லை. அம்பாசிடரும் ஏறியது, பொறுமையாக. டம்டம் பாறைக்குச் சற்று முன்னால் எஞ்சின் தயங்கித் தயங்கி நின்றது. ஏப்ரல் வெயில், ஏற்றத்தில் நீண்ட நேரம் இரண்டாம் கியர். பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொண்டுவிட்டது. கார்புரேட்டர் காலத்து வண்டிகள் பலவற்றுக்கும் உள்ள இயல்பு இது. இதற்கான மருந்தும் அக்காலத்து ஓட்டுநர்கள் அனைவருக்கும் தெரியும். பானட்டைத் திறந்து, குடிநீரில் துண்டை நனைத்து, பெட்ரோல் பம்பின் மேல் சுற்றி வைத்தேன். துண்டிலிருந்து ஆவி எழுந்தது. இரண்டாம் முறை நனைத்தபோது அது எழவில்லை. கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தக் கால் மணி நேரத்தில் எலிவால் அருவியைப் பார்த்துக்கொண்டு அம்மா முறுக்கு சாப்பிட்டார் என்பது உண்மைதான். மழை இரவில், கைக்குழந்தையுடன், அதே இடத்தில் நின்றிருந்தால் அது வேறு கதையாகியிருக்கும் என்பதும் உண்மையே.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் காலத்தின் இடைவெளி முழுமையாகத் தெரிகிறது. எங்கள் அம்பாசிடரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். டிரம்முக்குள் மூடிக்கிடக்கும் வெப்பம் எளிதில் வெளியேறாது; தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் உள்ளே உரசி நிறுத்தும் பட்டையான லைனிங் சூடேறி உராய்வு குறைந்துபோகும். அப்போது மிதி கடினமாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. ஆகவே எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் கட்டளை. பெருமாள்மலைக்குக் கீழே ஒரு நீண்ட சரிவில் நான் பேச்சுவாக்கில் மூன்றாம் கியரில் விட்டுவிட்டேன். நான்காவது வளைவில் மிதிக்குக் கீழே எதுவும் பிடிக்காத அந்த உணர்வு வந்தபோது உள்ளங்கை வியர்த்துவிட்டது. தவறு முழுக்க என்னுடையது. இரண்டாம் கியருக்குத் தள்ளி, எஞ்சினின் பிடியில் வேகத்தைக் குறைத்து, ஓர் அகலமான ஓரத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் சக்கரங்களை ஆறவிட்டேன். டிசையரில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்சக்கரங்களுக்கு டிரம்; சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், வழுக்கும்போது வண்டியை நேர்ப்படுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு ஆகிய இரண்டும் எல்லா வகைகளிலும் உண்டு. அதே சரிவில் அதே கவனக்குறைவை டிசையர் பொறுத்துக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் என்றைக்காவது தவறு செய்வார் என்பதை எதிர்பார்த்து அந்த வண்டியைச் செய்திருக்கிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். ‘அந்தக் காலத்து வண்டி இரும்புக் கோட்டை, இந்தக் காலத்து வண்டி தகரடப்பா’ என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், நானும் பல ஆண்டுகள் அப்படியே நினைத்தேன். தகடு தடிமன் என்பது சரி. ஆனால் மோதலில் வெளிப்படும் விசை எங்கேயாவது செலவாக வேண்டும். புதிய வண்டியின் முன்பகுதி மடிந்து நொறுங்குவதன் மூலம் அந்த விசையைத் தின்றுவிட, ஆட்கள் இருக்கும் கூடு முடிந்த அளவு உருக்குலையாமல் நிற்கிறது. முன்பகுதி மடியாத வண்டியில் அந்த விசை உள்ளே இருக்கும் உடல்களுக்கு வந்து சேர்கிறது. அம்பாசிடரின் ஸ்டியரிங் தண்டு ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி நிற்கும் ஓர் இரும்புக் கம்பி. காற்றுப்பை கிடையாது. எங்கள் வண்டியில் சீட் பெல்ட்டும் இருக்கவில்லை. முன்பக்கம் இரண்டை நான் பின்னாளில் பொருத்தினேன். டிசையரில் ஆறு காற்றுப்பைகள் எல்லா வகைகளிலும் வருகின்றன. 2024 நவம்பரில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமைப்பான குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அது ஐந்து நட்சத்திரம் பெற்றது. என் பேரக்குழந்தையைக் குழந்தை இருக்கையில் கட்டி நெடுஞ்சாலையில் அழைத்துச் செல்ல எது என்று கேட்டால், ஒரு கணமும் யோசிக்காமல் டிசையர் என்பேன். இந்த ஒரு விஷயத்தில் பாசத்துக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

பழுது பார்ப்பதில் நிலைமை வேறு. அம்பாசிடரின் பானட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றித் தரை தெரியும். கை போகாத இடமே இல்லை. கார்புரேட்டர், டிஸ்டிரிபியூட்டர், பெட்ரோல் பம்ப் என ஒவ்வொன்றும் தனியே கழற்றித் துடைத்து மாட்டக்கூடியது. டிஸ்டிரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளியைச் சரிசெய்ய என் அப்பா உப்புத்தாளும் ஒரு பிளேடும் வைத்திருந்தார். முன்பக்கத்தில் முறுக்குக் கம்பிகளின் மேல் நிற்கிற அமைப்பு. பின்பக்கத்தில் ஸ்பிரிங் பட்டைகள். பட்டை ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். தேய்ந்த புஷ்ஷுக்கு மாற்று கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து போடலாம். உற்பத்தி நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகியும், சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பெரும்பாலான உதிரிகள் கிடைத்துவிடுகின்றன. எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு எழுபது வயதாகிறது. “தம்பி, இது வாய் விட்டுச் சொல்லிடும் என்ன நோவுன்னு” என்பார். சத்தத்தைக் கேட்டே வால்வு இடைவெளியைச் சொல்லிவிடுவார். அவருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு எங்கள் தெருவில் விடையில்லை. அம்பாசிடரை வைத்திருப்பவர்களை வருங்காலத்தில் வாட்டப்போவது உதிரியின் தட்டுப்பாடு அல்ல, இத்தகைய கைகளின் தட்டுப்பாடுதான்.

டிசையரில் பழுது என்பது கணினியை இணைத்துக் குறியீட்டைப் படிப்பதில் தொடங்குகிறது. பாகத்தைச் சரிசெய்வதைவிடத் தொகுதியாக மாற்றுவதே வழக்கம். எல்இடி முகவிளக்கு உடைந்தால் பல்பு மாற்ற முடியாது, முழு விளக்கையும் மாற்ற வேண்டும். ஆனால் அது அடிக்கடி பழுதாவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் ஓராண்டில் ஆயில் மாற்றியதைத் தவிர நான் பானட்டைத் திறக்கவே இல்லை. அம்பாசிடருக்கோ மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது: கிரீஸ் நிப்பிள்களுக்குக் கிரீஸ் அடிப்பது, ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரி முனைகள், எங்கே ஆயில் சொட்டுகிறது என்று பார்க்கத் தரையில் அட்டை விரிப்பது.

எரிபொருள் கணக்கை மறைக்காமல் தருகிறேன். மதுரை–கொடைக்கானல்–மதுரை பயணத்தில், ஊருக்குள் சுற்றியதையும் சேர்த்து, அம்பாசிடர் 27 லிட்டர் பெட்ரோல் குடித்தது. டிசையர் அதில் பாதிக்கும் குறைவாக, 13 லிட்டரில் முடித்தது. கையால் கியர் மாற்றும் டிசையருக்கு லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர் என்பது சோதனைச்சாலைக் கணக்கு. சமவெளி நெடுஞ்சாலையில் எனக்கு 20 வரை கிடைக்கிறது. அம்பாசிடர் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். பழைய எஞ்சினுக்குப் பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அந்த ஈயத்தின் துணையால் தேயாமல் இருந்த வால்வு இருக்கைகள் அதன்பின் மெல்ல உள்வாங்கத் தொடங்கின. எங்கள் வண்டியில் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றி, கடினமான எஃகு வளையங்களைப் பதித்துக்கொண்டோம். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்திருக்கிறது. புதிய டிசையர் அதற்காகவே செய்யப்பட்டது, பழைய ரப்பர்க் குழாய்களும் பம்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயஃப்ரமும் அதைத் தாங்குவதில்லை. அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றாமல் பழைய பெட்ரோல் காரை ஓட்டுவது தீயோடு விளையாடுவதற்குச் சமம்.

ஆகவே, ஒரே ஒரு கார் வைத்துக்கொள்ள வசதியுள்ள குடும்பத்துக்கு நான் டிசையரைத்தான் பரிந்துரைக்கிறேன். அறிமுகமானபோது அதன் தொடக்க விலை ஷோரூமில் 6.79 லட்சம் ரூபாய், அந்தப் பணத்துக்கு அது தரும் பாதுகாப்பும் சிக்கனமும் நிறைவானவை. வீட்டில் முதியவர் இருந்தால், வாங்கும் முன் அவரை அழைத்துச் சென்று பின்னிருக்கையில் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்காக நாங்கள் நான்கு விரற்கடை தடிமனுள்ள கெட்டியான பஞ்சுத் திண்டு ஒன்றைத் தைத்து இருக்கையில் போட்டிருக்கிறோம். பாதிச் சிரமம் குறைந்திருக்கிறது. உள்ளூரில் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் அவர் இன்னும் அம்பாசிடரில்தான் போகிறார்.

இரண்டாவது வண்டியாக, ஆசைக்காக அம்பாசிடர் வாங்க நினைப்பவர்கள் பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் உண்டு என்று தரகர்கள் சொல்வார்கள்; அது தவறு. உடலும் சட்டமும் ஒன்றாக இணைத்துச் செய்யப்பட்ட வண்டி இது, அதனால் தரைத்தகட்டில் துரு ஏறினால் எலும்பிலேயே துரு ஏறியதாகப் பொருள். முன்னிருக்கைக்குக் கீழுள்ள விரிப்பை எடுத்துவிட்டு, தரைத்தகடு பக்கச் சட்டத்தோடு சேரும் விளிம்பில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை அழுத்திப் பாருங்கள். ‘டங்’ என்று ஒலித்தால் நல்லது. முனை பிஸ்கட்டில் இறங்குவதுபோல இறங்கினால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். எங்கள் வண்டியில் இடப்புறம் ஒரு சாண் நீளத்துக்கு அப்படி இருந்தது. டிங்கரிங் பட்டறையில் வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைக்க பதினெட்டு நாள் ஆனது. அடுத்து, ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையுடன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போன ஆண்டுகள் இருந்தால் அபராதம் உங்கள் தலையில் விழும். 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021 முதல் தனியாகப் பழம்பெரும் வாகனப் பதிவு இருக்கிறது. அந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த முடியாது. எங்கள் மார்க் 4 அந்த வயதை எட்ட 2034 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அடுத்த தகுதிச் சோதனைக்கு முன்பாக நான்கு சக்கரங்களின் பிரேக் சிலிண்டர்களையும் ரப்பர்க் குழாய்களையும் மாற்றிவிடுவதாக இருக்கிறேன். வரும் கோடையில் அம்மா மறுபடியும் அந்த வண்டியில்தான் கொடைக்கானல் போக வேண்டும் என்கிறார்.